யார் கண்ணுக்கு எந்த வரி

கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அந்தச் சின்னக் கண் படம் நன்றாகத் தெரியும். மியூஸ்ஸ்கோர் 4 மென்பொருளைத் திறந்தால் இடது ஓரத்தில் வாத்தியங்களின் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கண் இருக்கும். அதைத் தொட்டால் கண் மூடிக்கொள்ளும். அந்த வாத்தியத்துக்குரிய ஐந்து கோடுகளும் அவற்றில் ஏறியிருந்த சுரங்களும் பக்கத்தை விட்டுப் போய்விடும். மீதி வரிகள் நெருங்கி வந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். மறுபடி தொட்டால் எல்லாம் இருந்தபடியே திரும்பி வரும். ஒரே ஒரு சுரத்தையோ ரெஸ்ட்டையோ மட்டும் மறைக்க வேண்டுமா, அதைத் தேர்ந்தெடுத்து 'வி' விசையைத் தட்டினால் போதும். சிபேலியஸ் பழகியவர்கள் கன்ட்ரோலையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு 'எச்' தட்டுவார்கள். இப்படி விரல் நுனியில் ஒரு வரியை ஒளித்து வைக்கவும் வெளியே கொண்டுவரவும் முடிகிற இந்த நாளில், ஒரு வரியை மறைக்க ஒரு சாயங்காலம் முழுவதும் செலவான நாட்களை நினைத்துக்கொள்ளாமல் என்னால் அந்தக் கண்ணைத் தொட முடிவதில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் கொயரில் நான் டெனர் பாடத் தொடங்கியது 1970களின் கடைசியில். பாடியதைவிட அதிகமாக நான் செய்தது பிரதி எடுக்கிற வேலை. கையெழுத்து கொஞ்சம் திருத்தமாக இருந்ததால் ஆர்கன் வாசிக்கும் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். கோயில் ஆபீஸின் பின்னறையில் ஒரு சைக்ளோஸ்டைல் இயந்திரம், ஒரு பழைய டைப்ரைட்டர், அட்டைப்பெட்டியில் ஸ்டென்சில் தாள்கள். நவம்பர் பிறந்துவிட்டால் கேரல் சர்வீஸுக்கான பாட்டு ஷீட்டுகள் அந்த அறையிலிருந்துதான் வர வேண்டும்.

ஸ்டென்சில் தாளைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மெழுகு பூசிய மெல்லிய தாள் அது. டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு அடித்தால் எழுத்தின் விளிம்பு பட்ட இடத்தில் மெழுகு விலகி வழி திறக்கும். உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றும்போது அந்த வழியே மை இறங்கித் தாளில் படியும். கையால் எழுத இரும்பு முனை வைத்த ஒரு பேனா உண்டு. ஐந்து கோடுகளை அதனால் போடுவதே பெரும்பாடு, கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிந்து கோட்டோடு கோடு சேர்ந்துவிடும். அதைவிடச் சங்கடம் மினிம் சுரத்தின் தலை. அது உள்ளே வெற்றாக இருக்க வேண்டிய வட்டம். வட்டத்தை முழுதாகச் சுற்றிவிட்டால் நடுவில் இருக்கிற துணுக்கு பிய்ந்து விழுந்துவிடும், அச்சில் அது முழுக் கறுப்பாக வரும். இரண்டு எண்ணிக்கை நீள வேண்டிய சுரம் ஒரே எண்ணிக்கையில் நின்றுபோகும்! அதனால் வட்டத்தை முடிக்காமல் மயிரிழை இடைவெளி விட்டு எழுதக் கற்றிருந்தோம். அந்த இடைவெளி விட்ட மினிம்களை இன்றைக்கும் எங்காவது பழைய ஷீட்டில் பார்த்தால், எழுதினவர் ஸ்டென்சில் அறுத்துப் பழகினவர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இத்தனை தொல்லையால் ஸ்டாஃப் நொட்டேஷன் ஆர்கன் வாசிக்கிறவருக்கு மட்டும். பாடுகிறவர்களுக்கெல்லாம் சோல்ஃபாதான். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற அம்மையார் தொடங்கி வைத்ததை ஜான் கர்வென் என்ற போதகர் 1840களிலிருந்து திருத்தி விரித்து, படிப்பும் பணமும் இல்லாத தொழிலாளர்களும் நான்கு குரலில் பாடும்படி செய்த முறை அது. மிஷனரிகள் வழியே உலகம் சுற்றி எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்து சேர்ந்தது. டோ, ரே, மீ என்று சுரப்பெயர்களின் முதலெழுத்து, எண்ணிக்கைகளுக்கு நடுவே இரட்டைப்புள்ளி, அரை எண்ணிக்கைக்கு ஒற்றைப்புள்ளி, நீட்டுவதற்கு ஒரு சிறு கோடு. மேலே டோ எந்தச் சுருதி என்று குறித்துவிட்டால் ஆயிற்று. எல்லாமே டைப்ரைட்டரில் இருக்கிற எழுத்துகள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பனைத்தொழிலாளி வீட்டுப் பையனும், காலேஜ் வாத்தியாரும் அந்த எழுத்துகளைப் பார்த்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேஸ் பாடினார்கள். அந்த எளிமையின் மேல் எனக்கு அன்றும் மதிப்பு, இன்றும் மதிப்பு.

மறைப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரு சின்ன சீசா. அதன் மூடியோடு சேர்ந்த தூரிகை, உள்ளே சிவப்பாக ஒரு திரவம். நகப்பூச்சு வாடை அடிக்கும். ஸ்டென்சிலில் தப்பாக அறுத்த இடத்தில் அதைத் தடவி ஊதி ஆறவைத்தால் திறந்த வழி மூடிக்கொள்ளும், மேலே மறுபடி எழுதலாம். நாங்கள் அதற்குச் சிவப்பு மருந்து என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு வருஷம் சிறுபிள்ளைகள் பாடுவதற்கு சோப்ரானோ வரி மட்டும் தனியாக வேண்டியிருந்தது. புதிய ஸ்டென்சில் வாங்கச் சபையில் காசு கேட்க அண்ணாச்சிக்கு மனமில்லை. நான்கு குரலுக்கும் ஷீட்டுகள் உருட்டி முடித்த பிறகு அதே ஸ்டென்சிலை உருளையிலிருந்து கழற்றி மேசையில் விரித்தார். "எலே, கீழ இருக்கிற மூணு வரியையும் மூடு. வார்த்தைய மட்டும் தொட்டுராத" என்றார். மை ஊறிய தாளில் சிவப்பு மருந்து லேசில் ஒட்டாது. பழைய நியூஸ் பேப்பரால் ஒற்றி ஒற்றி மையை எடுத்து, வரி வரியாகத் தடவி, ஊதி, மறுபடி தடவி முடிக்கும்போது கோயில் மணி எட்டு அடித்தது. உருட்டிப் பார்த்தால் மூடிய வரிகள் மூடியபடி இல்லை. ஆல்ட்டோ வரியின் எழுத்துகள் அங்கங்கே வெளிறிப்போய்க் கசிந்து வந்திருந்தன. அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்டே, பிள்ளைய கேட்டுக்கிடட்டும்" என்றார். அந்தக் கேரல் சர்வீஸில் முன்வரிசைச் சிறுமிகள் இரண்டு பேர் கசிந்து வந்த எழுத்துகளைப் பார்த்துத் தாங்களாகவே ஆல்ட்டோவைப் பிடித்துப் பாடினார்கள்.

மறைப்பது அவ்வளவு சிரமமாக இருந்ததால் பெரும்பாலும் யாருக்கும் எதையும் மறைக்கவில்லை. எல்லார் கையிலும் நான்கு குரலும் இருந்தன. ஆல்ட்டோ பாடும் அக்காமார் தங்கள் வரி சும்மா இருக்கும் இடத்தில் டெனர் வரியை விரலால் தொடர்ந்துகொண்டிருப்பார்கள். எங்கள் கடைசிச் சுரத்திலிருந்து தங்கள் முதல் சுரத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமே. அந்த விரலைப் பார்த்து எங்களுக்கும் ஒரு பொறுப்பு வந்தது. பேஸ் பாடுகிறவர்கள் எல்லாக் குரலையும் படித்து முடித்து, ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் மூச்செடுக்கும் இடத்தைக் குறிப்பார்கள், ஐயரம்மா அனுப்பும் காப்பி எப்போது வரும் என்றும் குறிப்பார்கள். அடுத்த வருஷம் அதே ஷீட் வேறொருவர் கைக்குப் போகும். பழைய பென்சில் குறிகளையும் சேர்த்துத்தான் அவர் பாட்டைப் படிப்பார், இன்ன இடத்தில் போன வருஷம் மெதுவாகப் பாடினார்கள், இன்ன இடத்தில் யாரோ சுருதி இறங்கி "மேலே!" என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தாளிலேயே இருந்தது. இந்தச் சந்தோஷத்துக்கு மென்பொருளில் இன்னும் ஒரு மெனு வரவில்லை.

பாடுகிறவனுக்கு எவ்வளவு காட்டுவது என்பது எங்கள் கொயரில் பிறந்த கேள்வி இல்லை. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பல குரல் பாட்டுகளை ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகமாகத்தான் அச்சிட்டார்கள். டெனர் புத்தகத்தில் டெனர் மட்டும். மற்ற மூவரும் என்ன பாடுகிறார்கள் என்பது காதில் விழுந்தால்தான் உண்டு. லண்டனில் நொவெல்லோ குடும்பத்தார் 1840களில் சின்ன அளவில், மலிவு விலையில், எல்லாக் குரலும் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள புத்தகங்களை அச்சிட்டுத் தள்ளிய பிறகுதான் சாதாரணப் பாடகன் கையில் முழுப் பக்கமும் வந்தது. ஹேண்டலின் மெஸையா ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான். எங்கள் கொயர் அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு நொவெல்லோ மெஸையா இருந்தது. அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சி அல்லேலூயா கோரஸைச் சோல்ஃபாவில் இறக்கித் தந்தார்.

பிறகு ஜெராக்ஸ் வந்தது. நான் அப்போது சென்னைக்கு வந்து பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கத் தொடங்கியிருந்தேன். கிரேடு பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தியரிப் பயிற்சி தயாரிக்க வேண்டும்: வலது கை சுரங்களைக் காட்டி இடது கையை அவர்களையே எழுதச் சொல்ல வேண்டும், அல்லது நான்கு பாரில் ஒன்றை வெற்றாக விட வேண்டும். வெள்ளைத் தாளைக் கத்தரித்துக் கீற்றுகளாக்கி, ஓரத்தில் மட்டும் பசை தொட்டு மூட வேண்டிய இடத்தில் ஒட்டி, கடைக்குக் கொண்டுபோவேன். கண்ணாடியின் மேல் கவிழ்த்து எடுத்தால் கீற்றின் விளிம்பு மெல்லிய சாம்பல் கோடாக விழும். அந்தக் கோட்டை ஒயிட்னரால் அழித்து, அழித்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால்தான் பக்கம் சுத்தமாகும். கடைக்காரத் தம்பிக்கு இது பழகிப்போய், நான் படியேறும்போதே "சார், இன்னைக்கும் ரெண்டு தடவையா?" என்பான். கீற்றுகளை மெதுவாக உரித்துப் புத்தகத்தைப் பழையபடி ஆக்கி வைத்துவிடுவேன். என்னுடைய பழைய பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டினால் இன்றும் பசை மஞ்சளித்த இடங்கள் தட்டுப்படும். எந்தப் பாரை எந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு ஒளித்தேன் என்று அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இசைக்குறிப்பு மென்பொருளைப் பற்றி அப்போதே பேச்சு அடிபட்டது. ஃபினாலே 1988இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் இங்கிலாந்தில் உருவாக்கிய சிபேலியஸ் 1993இல் ஏக்கார்ன் கம்ப்யூட்டரில் வந்து, 1998இல் விண்டோஸுக்கு மாறியது. அதன்பிறகு வடபழனிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் நண்பர் ஒருவர் அதை ஓட்டிக் காட்டினார். வயலின், வயோலா, செல்லோ, புல்லாங்குழல் எல்லாம் ஏறிய பெரிய பக்கம் அது. 'சும்மா இருக்கிற வரிகளை மறை' என்று ஒரு கட்டளை கொடுத்தார். வாசிக்க வேலை இல்லாத வரிகளெல்லாம் அந்தந்த வரிசையிலிருந்து விலகி, இருபது வரி நின்ற இடத்தில் ஏழு நின்றது. பக்கங்கள் பாதியாகக் குறைந்தன. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். திரும்பத் திரும்பக் காட்டினார். சிவப்பு மருந்தை ஊதி ஊதி ஆறவைத்த ஒருவனுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் ஸ்டென்சில் பார்த்ததே இல்லை.

ஆனால் உண்மையான புதுமை மறைப்பதில் இல்லை என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிய பிறகே புரிந்தது. ஸ்டென்சிலில் மூடியது மூடியதுதான்; கீற்று ஒட்டியது காகிதத்துக்கு அடியில் போனதுதான். மென்பொருளில் மறைத்தது போவதே இல்லை. மறைந்தவற்றையும் காட்டு என்று மெனுவில் சொல்லிவிட்டால் அவை இளஞ்சாம்பல் நிறத்தில், விடிந்த பிறகும் வாசலில் அழியாமல் கிடக்கிற நேற்றைய கோலம்போல, தம் தம் இடத்திலேயே தெரியும். அச்சுக்கு வராது. ஆனால் கம்ப்யூட்டரை வாசிக்கச் சொன்னால் அவையும் சேர்ந்து ஒலிக்கும். முதன்முதலில் என்னிடம் இதைப் பிடித்துக்கொண்டவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுக்குக் கேட்டு எழுதும் பயிற்சி தயாரித்து, இரண்டு பாரை மறைத்து, திரையைக் காட்டிப் பாட்டை ஓட்டினேன். "அங்கிள், அது மறைஞ்சுதானே இருக்கு, அப்புறம் ஏன் கேக்குது?" என்றாள். கண்ணுக்குக் காட்டுவது ஒரு கட்டம், காதுக்குக் காட்டுவது இன்னொரு கட்டம், இரண்டுக்கும் தனித்தனியாக டிக் அடிக்கலாம் என்று பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்: தெரியும், கேட்காது, கேட்கும், தெரியாது. பாடம் அன்றைக்கு அங்கேயே நின்றுபோனது, எனக்கு அதில் வருத்தமில்லை.

இந்த இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் எவ்வளவோ செய்கிறார்கள். பாட்டின் முடிவில் வேகம் தானாகத் தளர வேண்டும் என்றால் பார் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெட்ரோனோம் எண் போட்டு, எண்களை மறைத்துவிடுவார்கள். தாளில் ஒரு சொல் மட்டும் இருக்கும். ஒரே வரியில் இரண்டு குரல் போகும்போது இரண்டாவது குரலின் ரெஸ்ட்டுகள் கண்ணை உறுத்தினால் அவற்றை மறைத்துவிடலாம். சங்கீதம் ஓதும் பாணியில் தாளக்கட்டு இல்லாமல் போகிற பாட்டுக்குத் தாளக்குறியை எழுதி மறைத்துவிட்டால் கம்ப்யூட்டருக்கும் கணக்கு சரியாகும், பாடுகிறவருக்கும் கட்டு தெரியாது. 2016இல் வந்த டொரிக்கோவில் மறைத்த குறி இருக்கும் இடத்தில் சின்னக் கைகாட்டிப் பலகை ஒன்று நிற்கும். எழுதுகிறவர் கண்ணுக்கு மட்டும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டைக் கொண்டுபோக எல்லாரும் பயன்படுத்தும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பிலும், இது இருக்கிறது ஆனால் அச்சிடாதே என்று சொல்வதற்கென்றே ஒரு குறிப்புச் சொல் உண்டு. ஃபினாலேயை இனி வளர்க்கப்போவதில்லை என்று 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தபோது, முப்பத்தைந்து வருஷ வேலையைப் பலரும் அந்தக் கோப்பு வழியாகத்தான் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்; ஒளித்து வைத்தவையும் ஒளிந்தபடியே கூடப் போயின.

கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைப்பதை இசையமைப்பாளர்கள் கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். ஷூமன் 1839இல் எழுதிய ஹூமரெஸ்க் என்ற பியானோ பாட்டில் இரண்டு கைகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வரி வரும். அது உள்ளத்தின் குரல், வாசிக்கக் கூடாது. வாசிப்பவர் கண்ணால் பார்த்துக்கொண்டு மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். தெரியும், கேட்காது. 1910இல் வெளியான தன் முதல் பிரெல்யூட் தொகுதியில் டெபுஸ்ஸி தலைப்புகளைத் தலையில் போடாமல் ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் போட்டார். கேட்டு முடித்த பிறகு பெயர் தெரிந்தால் போதும் என்று. ஸ்ட்ராவின்ஸ்கி தன் பிற்காலப் பாட்டுகளில் வேலையில்லாத வாத்தியத்தின் ஐந்து கோடுகளையும் பக்கத்திலிருந்தே வெட்டிவிட்டார்; சுரங்கள் வருகிற இடத்தில் மட்டும் கோடு இருக்கும், மற்ற இடம் வெறும் வெள்ளை. கோடு போடுவதற்கென்று அவரே ஒரு சின்ன உருளைக் கருவியும் செய்து வைத்திருந்தார். அதற்கெல்லாம் முன்னால் லைப்சிக் நகரத்துச் செதுக்குநர்கள் ஈயம் கலந்த தகட்டில் சுரங்களைக் கண்ணாடி பிம்பமாகத் தலைகீழ்ப் பக்கமாக அடித்து இறக்கினார்கள். தப்பானதை நீக்கத் தகட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டிக் குழியை மேலெழுப்பி, தேய்த்துச் சமமாக்கிவிட்டு மறுபடி அடிப்பார்கள். ஒரு சுரத்தை மறைக்க அவ்வளவு தட்டு. எங்கள் சீசா மருந்து எவ்வளவோ தேவலை.

நம் பக்கத்திலும் இந்தக் கேள்விக்கு உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. சென்னையில் சின்னசாமி முதலியார் 1890களின் தொடக்கத்தில் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டு வெளியிட்டார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டபோது, சுர எழுத்துகளுக்கு மேலே கமகங்களுக்கென்று தனிக்குறிகளைப் போட்டார். சாதாரணமாக நம் சுரப் புத்தகங்களில் கமகம் இருக்காது. 'க' என்று ஓர் எழுத்து இருக்கும், அது தோடியில் எப்படி அசையும் என்பது குருவின் தொண்டையில் இருக்கும். அச்சில் இல்லாதது பாட்டில் ஒலிக்கும் என்பது நமக்கு வழக்கமான ஏற்பாடு. அதைத் தாளில் கொண்டுவந்தே தீருவது என்று அந்தப் பெரியவர் அவ்வளவு பாடுபட்டார். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் ஒரு குறிகூட வீணாகப் போட்டதில்லை என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு இந்தச் சாம்பல் எழுத்துகளால் கிடைத்த பெரிய லாபம் சோல்ஃபாதான். சென்னையில் நான் இப்போது நடத்துகிற கொயரில் நெல்லைப் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர். வயதானவர்களுக்கு ஸ்டாஃப் ஓடாது, சோல்ஃபா இருந்தால் உடனே பாடுவார்கள். இளையவர்களுக்கு நேர்மாறு. ஒரே கோப்பில் நான்கு குரலையும் ஸ்டாஃபில் எழுதி, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே பாட்டுவரி போடுகிற இடத்தில் சோல்ஃபா எழுத்துகளை அடித்துவிடுகிறேன். பெரியவர்களுக்கு அச்செடுக்கும்போது சுரங்களை மறைத்து, கிளெஃபை மறைத்து, ஐந்து கோடுகளுக்கும் கண்ணுக்குத் தெரியாதே என்று ஒரு டிக் அடித்தால், தாளில் எஞ்சுவது அண்ணாச்சி அறையின் டைப்ரைட்டர் ஷீட்டேதான், புள்ளியும் கோடுமாக. அடியில் முழுப் பாட்டும் உயிரோடு இருப்பதால் அதே கோப்பை வாசிக்கவிட்டுக் குரல் குரலாக ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். பெரம்பூரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் தன் பேஸ் வரியை மின்சார ரயிலிலேயே பாடிக்கொண்டு வந்து சேர்கிறார். இதை அண்ணாச்சி பார்த்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருப்பார்.

மறைப்பது லேசான பிறகு அதை எல்லா இடத்திலும் செய்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. சிபேலியஸ் 2005இல் முழு ஸ்கோரையும் தனிக்குரல் தாள்களையும் ஒரே கோப்பில் பிணைத்துவிட்ட நாள் முதல், தனித்தனி வரி அச்செடுப்பது நொடிவேலை ஆகிவிட்டது. வாத்தியக்காரருக்கு அது வரம். பக்கம் திருப்ப அவருக்குக் கை கிடையாது. ஆனால் கொயரிலும் அதே வழக்கம் புகுந்துவிட்டது. பையன்கள் டேப்லெட்டில் தங்கள் வரியை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு மற்ற மூன்று கண்ணையும் மூடிவிடுகிறார்கள். தப்பில்லாமல் பாடுகிறார்கள். பக்கத்துக் குரல் எங்கே மூச்செடுக்கிறது என்று மட்டும் தெரியாது. கேட்டால், "என் பார்ட்ல அது இல்லையே சார்" என்கிறார்கள். நியாயமான பதில்தான். 16ஆம் நூற்றாண்டு டெனர் புத்தகத்துக்கே நடந்து போய்விட்டோம், இந்தத் தடவை வண்ணத் திரையோடு.

போன டிசம்பரில் அல்லேலூயா கோரஸ் எடுத்தோம். தனிவரித் தாள்களை வைத்து இரண்டு வாரம் பழகிய பிறகு, ஆல்ட்டோவில் மூத்தவரான ஆசிரியை ஒருவர், எங்கள் ஊர்க்காரர், ப்ராக்டிஸ் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது வந்தார். "அண்ணாச்சி, எங்களுக்கு டெனர் வரியையும் காட்டுங்க. அத பாத்துத்தான நாங்க சுருதி எடுப்போம்" என்றார். அன்று ராத்திரியே மூடியிருந்த கண்களையெல்லாம் திறந்தேன். ஐந்து பக்கம் பதினொன்றாயிற்று. அந்தப் பாட்டில் முடிவுக்குச் சற்று முன்னால் எல்லாக் குரலும் சேர்ந்து உச்சத்தில் போய்ச் சட்டென்று நின்றுவிடும், ஓர் அமைதி, அப்புறம் நிதானமாகக் கடைசி அல்லேலூயா. அந்த அமைதியில் பக்கம் திருப்ப வைத்தால் அத்தனை பேர் தாளும் சேர்ந்து சலசலக்கும். அதனால் அதற்குப் பல பார் முன்னாலேயே புதிய பக்கம் தொடங்கும்படி இழுத்து வைத்தேன். நான்கு குரலின் ரெஸ்ட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, எதையும் மறைக்காமல் விட்டேன். அடுத்த ஞாயிறு தாள்களைக் கொடுத்தபோது சோப்ரானோப் பிள்ளைகள் கனமாக இருக்கிறது என்றார்கள். டெனர் பையன் ஒருவன் ஆல்ட்டோ வரியைப் பார்த்துவிட்டு, "இவங்க இங்க நமக்கு முன்னாடியே நிறுத்துறாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். ஆசிரியை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் இருக்கு அண்ணாச்சி, ஆனா எழுத்து எறும்பு கணக்கா இருக்கு. இன்னும் கொஞ்சம் பெருசாக்கித் தருவீங்களா?" என்றார்.